மலையிலிருந்து உருண்டு வந்த சம்பளம்

தவசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இனி வீட்டுக்குக் காசு அனுப்புவதென்றால் மணியார்டர்தான். ஜீப்பில் ஆள் வசம் கொடுத்துவிடுகிற சோலியே கிடையாது.

முடிவெடுப்பது அவனுக்குப் புதுசில்லை. மாசத்துக்கு ஒன்று எடுப்பான், பீடியை விடுவது உட்பட. அதையெல்லாம் படுத்துக்கொண்டே எடுத்தவன், இதை மட்டும் எழுந்து நின்று எடுத்தான். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில், அடுப்புக்கு முன்னால், கையில் ஒரு விறகுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, "மணியார்டர்!" என்று சத்தமாகவே சொன்னான். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் அவ்வளவு தைரியம்.

காரணம் வேறொன்றுமில்லை, அவன் பெண்டாட்டி சுருளியம்மாளின் மூக்கு.

தவசிக்குச் சொந்த ஊர் சிலமலை. பிழைப்பு மலைக்கு மேலே. போடிமெட்டைத் தாண்டினால் மலையாளத்துத் திருக்கொச்சி ராஜ்யம் வந்துவிடும். அங்கே ஒரு ஏலத்தோட்டத்தில் மூன்று வருஷமாகக் கூலி. தூரம் என்று பார்த்தால் பெரிய தூரமில்லை. வெயில் அடிக்கிற நாளில் மெட்டில் நின்றால் கீழே போடி தெரியும், அதற்கு அந்தப் பக்கம் பச்சையும் செம்மண்ணுமாகச் சிலமலைக் காடும் தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் வெயில் அடிக்கிற நாள்தான் கம்மி. மற்ற நாளெல்லாம் மேகம் தரைக்கே இறங்கி வந்து, ஆளுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மூடிவிடும். மலையாளத்துக்காரர்கள் அதை மஞ்சு என்பார்கள். தவசியும் அப்படியே சொல்லப் பழகிவிட்டான்.

மூன்று வருஷமும் அவனுக்குக் காட்டு வேலை. களை வெட்டு, காய் எடுப்பு. ஏலச்செடிக்கு அடியில் குனிந்தால் அட்டை காலில் ஏறும். அதற்காகக் காலெல்லாம் புகையிலைத் தண்ணீரைப் பூசிக்கொள்வார்கள். வேட்டி நாறும், துண்டு நாறும், மடியில் முடிந்த சம்பள நோட்டும் சேர்ந்து நாறும். அந்த நோட்டை ஜீப்பு ஓட்டுகிற ராக்கையாவிடம் கொடுத்துவிடுவான். ராக்கையா அதைச் சிலமலையில் சுருளியின் கையில் சேர்ப்பான். அவள் இரண்டு தும்மல் தும்மிவிட்டு வாங்கி வைப்பாள்.

இந்த வருஷம் ஆவணியில் தவசிக்கு நல்ல காலம் பிறந்தது. ரைட்டர் ஜேசுதாஸ் அவனைக் காட்டிலிருந்து எடுத்து ஸ்டோருக்குள் போட்டார். தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர் அவர்தான். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, கீழே விறகெரித்து உலர்த்துகிற கூடம். அட்டை கிடையாது. மழை கிடையாது. கணப்புச் சூடு உண்டு. சம்பளமும் கூட.

அந்தக் கூடுதல் சம்பளத்தைப் பற்றி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை தவசி. சொன்னால் அது வீட்டுக்குப் போய்விடும். போய்விட்டால் சைக்கிள் போய்விடும்.

சைக்கிள் ரைட்டருடையது. பச்சை நிறம். கல்யாணத்தின்போது மாமனார் வீட்டில் போட்டதாம். பெருமையாக லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த பிறகுதான், தோட்டத்தில் அதைத் தள்ளிக்கொண்டு நடக்கலாமே தவிர ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்டோர் மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது. மலைமேல் இருக்கிறவனுக்குச் சைக்கிள் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும்தான் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் ஏறுகிற புத்தி. தவசிக்கு இறங்குகிற புத்தி.

காய் உலர உலர ஸ்டோருக்குள் ஒரு வாசம் கிளம்பும். இனிப்பும் குளிர்ச்சியும் புகையும் கலந்த வாசம். அந்தக் கதகதப்பில் உட்கார்ந்தால் கண் சொக்கும். கண் சொக்கியதும் மூலையில் நிற்கிற சைக்கிள் சாக்கை உதறிவிட்டு வரும். தவசி ஏறி உட்காருவான். போடிமெட்டிலிருந்து இறக்கம். மிதிக்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக வரும், வளைந்து வழிவிடும். துண்டு பின்னால் பறக்கும். மேகத்துக்குள் நுழைந்து மேகத்துக்கு வெளியே வருவான். மணியடித்தால் பஸ்சு ஒதுங்கும். காய்த்தட்டைப் புரட்ட ஆள் வந்து தோளை உலுக்குகிற வரைக்கும் அவன் இறங்கிக்கொண்டே இருப்பான். மூன்று வருஷமாக மூட்டை சுமந்து ஏறிய மலையை ஒரே ஒரு தடவை காசு பணம் கவலையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவன்.

இந்த நேரத்தில்தான் ராக்கையா குண்டைத் தூக்கிப் போட்டான்.

"மாப்ளே, உன் சம்சாரம் இந்தத் தடவை தும்மலை."

"தும்மலையா?"

"நோட்டை மூக்குல வச்சு மோந்துச்சு. கண்ணை மூடுச்சு. திருப்பியும் மோந்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"'பாயசம் வைக்கணும்போல இருக்குண்ணே'ன்னுச்சு."

தவசி தன் மடியைத் தானே மோந்து பார்த்தான். ஸ்டோரில் வேலை செய்கிறவன் மடியில் இருந்த நோட்டு வேறெப்படி மணக்கும்? இன்னும் இரண்டு மாசம் இப்படி மணந்தால் சுருளி கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு மூக்கு மட்டும் இல்லை, மூக்குக்குப் பின்னால் மூளையும் உண்டு.

அடுப்பைச் சுற்றிக் குளிர்காய வருகிற ஆட்களிடம் யோசனை கேட்டான். ஊருக்குக் காசு அனுப்புவது எப்படி என்று கேட்டால் போதும், மலையில் எவனும் வாயை மூட மாட்டான். ஒருத்தன், போடி ஏலக்காய் மண்டிக்காரருக்குத் தோட்டத்துச் சீட்டு கொடுத்துவிடு, வீட்டில் அவர் காசு கொடுத்துவிடுவார் என்றான். அவன் அப்படித்தான் அனுப்பினான். பாதி காசாகவும் பாதி கருப்பட்டியாகவும் போய்ச்சேர்ந்தது. இன்னொருத்தன் கம்பளிக்குள் வைத்துத் தைத்து மச்சினனிடம் கொடுத்திருந்தான். கம்பளி பத்திரமாகப் போய்ச்சேர்ந்தது. மூன்றாமவன், என் காசை நானே கொண்டுபோவேன் என்று மார்தட்டினான். போன தடவை அவன் காசு போடியில் புரோட்டாக் கடையைத் தாண்டவில்லை. மணியார்டருக்கு மட்டும் ஒருத்தரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. கமிஷன் போகும், தபால்காரர் வாசலில் நின்று தொகையைச் சத்தமாகக் கூவுவார், கூவிய சத்தம் கேட்டுச் சொந்தபந்தமெல்லாம் கைமாத்துக்கு வரிசை கட்டும்.

ஆனால் தவசி பார்த்தது வேறு. தபாலாபீசில் அவன் கட்டுகிற நோட்டு மலையிலேயே நின்றுவிடும். சிலமலைத் தபால்காரர் எடுத்துக் கொடுப்பது வேறு நோட்டு. அதில் எவனுடைய வேர்வை வேண்டுமானாலும் இருக்கட்டும், தவசியின் வாசம் இருக்காது. இந்த யோசனை தோன்றியபோதுதான் அவன் விறகுக்கட்டையோடு எழுந்து நின்றது.

ராக்கையாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஏன் மாப்ளே, எம்மேல சந்தேகமா? ஒரு டீக்காசுக்கு மேல எடுத்திருக்கேனா?"

"சேச்சே. சர்க்கார் வழியா அனுப்புனா ஒரு கௌரவம்டா."

"ஓகோ. எங்க ஜீப்புல போனா கௌரவம் கொட்டிப்போகுதோ?"

"அப்பிடியில்லடா..."

"சரி சரி. நாம எதுக்கு நடுவுல? நல்லா இரு."

மணியார்டர் போயிற்று. பழைய தொகைதான், ஒரு பைசா கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. சுருளியிடமிருந்து ஒரு கேள்வி வரவில்லை. தவசி தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

அடுத்து ரைட்டர். அவரை வளைப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. "கல்யாணச் சைக்கிள் தவசி. அதை விக்கச் சொல்லாதே" என்று ஒரே பிடியாக நின்றார். தவசி தினமும் சாக்கை நீக்கித் துடைத்தான், எண்ணெய் போட்டான், காது கேட்கப் பெருமூச்சு விட்டான். ஒன்றும் பலிக்கவில்லை. புரட்டாசி கடைசியில் ரைட்டர் மாதா கோயிலுக்கென்று போடிக்குப் போய், வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். வந்தவர் நேராக ஸ்டோருக்கு வந்தார்.

"சைக்கிளை எடுத்துக்கோ."

"ஐயா!"

"மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு, போதும். விலையிலயும் குறைச்சுக்கறேன். கடைசிக் காசு கொடுத்த அன்னிக்கு வண்டி உன்னுது."

தன் பெருமூச்சு கல்லையும் கரைத்துவிட்டதே என்று தவசி பூரித்துப்போனான். ரைட்டர் அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட நார்த்தங்காய் ஊறுகாயில் அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். போடியில் தன் வீட்டுக்காரி ஜெயபாக்கியத்துக்கு யாரோ புதுச் சிநேகிதி கொடுத்தாளாம். எங்கேயோ பழகிய ருசியாக இருந்தது தவசிக்கு. எங்கே என்று யோசிப்பதற்குள் சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகவேண்டும். அங்கேதான் ஆபத்து. நோட்டை மறைத்துவிட்டான், உடம்பை எப்படி மறைப்பான்? மூன்று மாசப் புகையும் ஏலக்காயும் தலைமயிர்வரைக்கும் ஊறிக் கிடந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. சாம்பலைப் போட்டுத் தேய்த்தான். குளித்த தண்ணீர்தான் மணத்தது. கடைசியில் காட்டு ஆள் ஒருத்தனிடம் புகையிலைத் தண்ணீரை ஒரு சட்டி வாங்கி, கால், கை, கழுத்து, காதுமடல் என்று பாக்கியில்லாமல் பூசிக்கொண்டு மலை இறங்கினான். பஸ்சில் அவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

சுருளி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்ன மாமா, புகையிலை மூட்டைக்குள்ளயா படுத்து எந்திரிச்சீக?"

"அட்டை, சுருளி. அட்டை. இந்த வருசம் மழை ஜாஸ்தி. ஒவ்வொண்ணும் வெரல் தண்டி."

"அய்யோ பாவமே. ரொம்பக் கடிக்குதோ?"

"உசுரையே உறிஞ்சிருச்சு."

"காலைக் காட்டுங்க."

"காலு எதுக்கு இப்ப?"

"காட்டுங்கங்கறேன்."

காட்டினான். சோற்றுச் செழிப்பும் கணப்புச் சூடுமாக வழவழவென்று இருந்தது கால்.

"புதுசா ஒரு தழும்புகூட இல்லையே மாமா?"

"புகையிலை பூசுனா எப்பிடிக் கடிக்கும்?"

"இப்பத்தான் உசுரையே உறிஞ்சிருச்சுன்னீக?"

"அது... அடுத்தவனுக்கு. அவனுக்குக் கடிச்சதைப் பாத்து எனக்கு உசுரு போச்சு."

"நல்ல மனசு மாமா உங்களுக்கு."

அவள் சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்தாள், நல்லெண்ணெய் எடுத்து வந்தாள், தலையில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அவள் விரல் மண்டையில் இறங்க இறங்கத் தவசிக்கு நெஞ்சு என்னவோ செய்தது. இவளை ஏமாற்றுகிறோமே என்று வேதனையாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது.

சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். நிலா இல்லாத வானத்தில் வெள்ளி கொட்டிக் கிடந்தது. எதிரே மலை கருப்பாகப் படுத்திருந்தது. சுருளி கட்டில் காலில் சாய்ந்துகொண்டு, மெட்டு ரோடு எப்படி மாமா இருக்கும் என்று கேட்டாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள். தவசிக்கு வாயும் மனசும் ஒன்றாகத் திறந்துகொண்டது.

"மேல இருந்து கிளம்பினா ஒரே இறக்கம் சுருளி. தண்ணி மாதிரி வழுக்கிட்டு வரலாம். முதல்ல மஞ்சு. கையை நீட்டினா கை தெரியாது. ஈரம் மூஞ்சியில ஒட்டும். அப்புறம் ஒரு வளைவுல திடீர்னு மஞ்சு கிழியும். கீழ போடி கிடக்கும், சின்னதா. ரயிலு மதுரைக்குப் போறது புகையா மட்டும் தெரியும். இன்னும் இறங்கினா தைலப்புல்லு வாசம். அதுக்கப்புறம் காத்து சுட ஆரம்பிக்கும். அப்ப நம்ம ஊரு வந்துருச்சுன்னு அர்த்தம்."

"அடிவாரத்துல முந்தல் வரைக்கும் மிதிக்காமயே வந்துரலாமா மாமா?"

"வந்துரலாம்..." என்றவன் சட்டென்று தலையைத் தூக்கினான். "எதை மிதிக்காம?"

"பாம்பு கீம்பைத்தான். காட்டுப்பாதை இல்லையா?"

"ஆமாமா. பாத்துத்தான் வரணும்."

அவள் கன்னத்தில் கைவைத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. இவளும் நம்மைப்போல் கனவு காண்கிறவள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தவசி தூங்கிப்போனான்.

தை மாசம் கடைசித் தவணையும் கொடுத்தாயிற்று. சைக்கிள் அவனுடையதாகிவிட்டது. திட்டம் தயார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்டிலிருந்து மலையடிவாரத்து முந்தல் வரை இறங்குவது; அங்கேயே பஸ்சுக்கு மேலே வண்டியைப் போட்டுத் திரும்ப ஏறிவிடுவது. ஊருக்கும் தெரியாது, பேருக்கும் தெரியாது. ஒரு சங்கதிக்காக மட்டும் ராக்கையாவிடம் யோசனை கேட்கவேண்டியிருந்தது.

"பிரேக்கை நம்பாதே மாப்ளே," என்றான் ராக்கையா. "ரப்பர் கருகிப்போகும். பின்னால ஒரு கொம்பை வெட்டிக் கட்டு. இலையோட இழுத்துக்கிட்டு வந்தா வண்டி ஓடாம அடங்கி வரும். எப்பக் கிளம்புறே?"

"ஞாயித்துக்கிழமை. எவன்கிட்டயும் சொல்லிராதே."

"சேச்சே," என்றான் ராக்கையா.

அன்றைக்கு மஞ்சு அவனுக்காகவே இறங்கியிருந்தது. மெட்டில் சாயாக்கடை வெளிச்சம் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தவசி துண்டைத் தலையில் கட்டினான், குலசாமியைக் கும்பிட்டான், காலை எடுத்து ஏறினான். வண்டி நகர்ந்தது.

மிதிக்கவில்லை. சத்தியமாக மிதிக்கவில்லை. மலை தானாக அவனைக் கீழே விட்டது. பின்னால் கட்டிய கொம்பு ரோட்டைப் பெருக்கிக்கொண்டே சரசரவென்று வந்தது. வேறு சத்தமில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. ரோடு எங்கிருந்தோ வந்து சக்கரத்துக்குக் கீழே நுழைந்து எங்கேயோ போயிற்று. ஒரு வளைவில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்து அவனைப் பார்த்தது, அவன் கும்பிட்டான். ஸ்டோரில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வந்து தொடையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. கனவிலும் வலிக்கும் என்று தோன்றியது. காது அடைத்துக்கொண்டது. அடைத்த காதுக்குள் அவன் முணுமுணுத்த பாட்டு அவனுக்கே நன்றாகக் கேட்டது.

அப்புறம் அந்த வளைவு வந்தது. மஞ்சு கிழிந்தது. கீழே வெயில் பட்ட வயலும் தோப்பும் போடியும் ஒரு தாம்பாளத்தில் வைத்த மாதிரி இருந்தது. தவசிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றினால் என்று சொல்லிக்கொண்டான். கல்யாணத்தன்றைக்குக்கூட அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இந்த நேரத்தில் சுருளி பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த தடவை அவளிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஒன்றிரண்டு மாசம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

தைலப்புல் வாசம் வந்தது. காற்று சுட்டது. ரோடு மட்டமாயிற்று. முந்தல் புளியமரத்தடியில் சுருளி நின்றாள்.

தவசி கண்ணைக் கசக்கிக்கொண்டான். அவன் சைக்கிள் கனவில் சுருளி ஒரு நாளும் வந்ததில்லை. ஆகையால் இது கனவில்லை.

"மெதுவா மாமா, மெதுவா. காலை ஊனுங்க." அவள் கையில் ஓலைக்கொட்டான். வந்தவனை வா என்றுகூடச் சொல்லாமல், முதலில் டயரை அமுக்கிப் பார்த்தாள். "காத்து நிக்குது. ரைட்டரம்மா சொன்னது நெசந்தான். வண்டி புதுசாத்தான் இருக்கு."

"சுருளி, நீ எப்பிடி இங்க?"

"இன்னிக்குக் காலையில இறங்குவாகன்னு ராக்கையா அண்ணன் சொல்லுச்சு. விடியவே வந்துட்டேன்."

"அவனா? மணியார்டர் போட்டதுல இருந்து அவனுக்கு எம்மேல கோவமாச்சே!"

"அதான் சொல்லுச்சு."

தவசி வண்டியை விட்டு இறங்கினான். "இது ரைட்டர் ஐயா வண்டி. சும்மா இரவல் வாங்கி..."

"எங்கிட்டயே சொல்றீக பாத்தீகளா. நோட்டு மணத்துச்சா, மலையில என்ன சோலி மாறிருச்சுன்னு யார்கிட்டயாச்சும் கேக்கணுமில்ல? போடிச் சந்தையில ரைட்டரம்மாவைத் தேடிப் பிடிச்சேன். ஜெயபாக்கியம் அக்கா தங்கமான மனுசி. 'உன் வீட்டுக்காரருக்கு ஸ்டோருல வேலை, சம்பளம் கூட, சைக்கிளைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் உசுரை வாங்குறாரு'ன்னுச்சு. அவரு கொடுக்க மாட்டேன்னாராம். நாந்தான் ரெண்டு ஜாடி ஊறுகாயைக் கொண்டுபோய்க் கொடுத்து, 'எப்பிடியாச்சும் கொடுக்கச் சொல்லுங்கக்கா, அவுக ரொம்ப ஆசைப்படுறாக'ன்னேன்."

"எனக்காகவா சுருளி? எல்லாம் தெரிஞ்சும்?"

"உங்களுக்காகத்தான் மாமா."

கொட்டானிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து ஹாண்டில்பாரில் வைத்தாள். ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "ஏத்துங்க" என்றாள். ஏற்றினான். பழம் நசுங்கியது. கொம்பை அவிழ்த்துத் தூரப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஊருக்கு விடுங்க."

தவசி முதல் தடவையாக மிதித்தான். கனமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது. அவள் ஒரு கை அவன் இடுப்பைப் பிடித்திருந்தது. போடித் தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எந்த ராஜாவுக்கும் இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டான். வேர்வை வழிந்தது, வழியட்டும். சிலமலை எல்லை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசல் வேப்பமரத்தடி பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. மரத்தில் ஒரு தகரம் தொங்கியது. அதில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: 'வாடகை சைக்கிள். சுருளியம்மாள்.' கீழே நாலைந்து ஆட்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

சுருளி குதித்து இறங்கினாள். கொட்டானுக்கு அடியிலிருந்து சங்கிலியும் பூட்டும் வந்தது.

"என்ன சுருளி இது?"

"கடை மாமா."

"கடையா? ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தக் காசை மணியார்டர்லயே அனுப்பியிருப்பேனே!"

"அனுப்பியிருப்பீக. சர்க்காரு கமிஷன் எடுக்கும். தபால்காரரு வாசல்ல நின்னு கூவுவாரு. உங்க சித்தப்பா மகன் வருவாரு, எங்க அண்ணன் வருவாரு, கைமாத்துக்கு. ஜீப்புல வந்தா டீக்காசு. மண்டியில வந்தா பாதி கருப்பட்டி. எப்பிடி அனுப்புனாலும் வழியிலயே தேயுது. சைக்கிளைக் கைமாத்துக் கேக்க எவன் வருவான்? அதான் நீங்க வாங்குங்கன்னு விட்டுட்டேன். ஒரு காசு குறையாம தானே உருண்டு வாசலுக்கு வந்துருச்சு பாருங்க."

தவசி தகரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

சுருளியின் குரல் இறங்கியது. "ஒண்ணு ரெண்டாகும் மாமா. ரெண்டு நாலாகும். அன்னிக்கு மலையை விட்டு இறங்கிருங்க. மூணு வருசமா அந்த மேகத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு ஒத்தையில கிடக்கேன். உங்களுக்கு அதுக்குள்ள கனவு வருது. எனக்கு நீங்க இருக்கீகளா இல்லையான்னுதான் வருது."

அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் தவசிக்கு இருந்த கோபமும் கரைந்துவிட்டது. சங்கிலியை அவனே எடுத்துப் பூட்டிக் கொடுத்தான். சாயங்காலம் பஸ்சில் மலையேறினான். டிக்கெட்டுக்குக் காசு சுருளிதான் கொடுத்தாள், முதல் நாள் வசூலிலிருந்து.

அடுத்த மாசம் சம்பளம் வாங்கியதும் மணியார்டர் ஞாபகமே வரவில்லை அவனுக்கு. முழுச் சம்பளத்தையும் இடுப்பில் முடிந்து, ராக்கையாவின் ஜீப்பில் ஏறி நேராகச் சிலமலையில் வந்து இறங்கினான். வேப்பமரத்தடியில் கூட்டம். சைக்கிள் அப்போதுதான் ஒரு சவாரி முடிந்து வந்து நின்றது. பச்சை மினுமினுவென்று இருந்தது. தவசி முடிச்சை அவிழ்த்துச் சம்பளத்தை அப்படியே சுருளி கையில் வைத்தான். அவள் மோந்து பார்த்துக் கண்ணை மூடிச் சிரித்தாள்.

"சுருளி, ஒரே ஒரு தடவை. கம்மாக்கரை வரைக்கும் போயிட்டு வந்துர்றேனே?"

"போயிட்டு வாங்க மாமா. உங்களுக்கு இல்லாததா?"

தவசி ஆசையாகச் சீட்டில் கையை வைத்தான். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"உக்காந்திருக்கவுக முடிச்சதும் போங்க. வாடகை முன்னாடியே கொடுத்துரணும். அப்புறம் மாமா, நம்ம கடையில உள்ளூரு ஆளுக்கு மட்டுந்தான் வண்டி. நீங்க மலையாளத்துல இருக்கிறவுக, ஜாமீனுக்குத் தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் கூட்டிட்டு வந்துருங்க."